கேம் கன்சோல் கம்பெனிகளின் லாபக் கணக்கு: ஒரு உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். சோனி, நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் கன்சோல் தொழிலில் எப்படிச் சம்பாதிக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

டிவியில் இணைத்து கேம் ஆடும் கன்சோல் பெட்டியை நஷ்டத்துக்கு விற்று, கேமிலும் சந்தாவிலும் பணத்தை எடுப்பது பழைய வழி. 2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது விலை 499, 599 டாலர். அப்படியும் சோனிக்கு ஒவ்வொரு பெட்டியிலும் கை கடித்தது. அதே ஆண்டு நின்டெண்டோ 249 டாலருக்கு வீ (Wii) என்ற கன்சோலை இறக்கி, முதல் நாளிலிருந்தே லாபம் பார்த்தது. பத்து கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது! ஆனால் அடுத்து வந்த வீ யூ ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. ஆக, வீயின் வெற்றிக்கு அதன் மலிவான பாகங்கள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

சரி, என் சிக்கல் மைக்ரோசாஃப்ட். தங்கள் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் எத்தனை விற்றது என்று சொல்வதை 2015இலேயே நிறுத்திவிட்டார்கள். கேமிங் வருவாய் தெரிகிறது, லாபம் தனியாகத் தெரிவதில்லை. சோனி தன் கேம் பிரிவின் லாபத்தைத் தனியாகக் காட்டுகிறது. நின்டெண்டோவுக்கோ தொழிலே அதுதான். இந்த மூன்றையும் எப்படி ஒரே தராசில் வைப்பது? அதிலும் 2023இல் ஆக்டிவிஷன் என்ற பெரிய கேம் கம்பெனியை வாங்கிய பிறகு எக்ஸ்பாக்ஸ் வருவாயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

நிதி அறிக்கை படித்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால், எந்த எண்களை ஒப்பிடுவது நியாயம் என்று சொல்லுங்கள். அப்புறம், மாதக் கட்டணத்துக்குப் பல கேம்களை ஆடத் தரும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் மாதிரி சந்தாவில் கேம் உருவாக்கும் செலவை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதும் தெரிந்தால் நல்லது.