புதுப்பிப்பு: அப்பாவின் கழுத்துக் கட்டி, வகை தெரிந்துவிட்டது
மூன்று வாரம் முன்பு எழுதியிருந்தேன்: அப்பாவுக்கு ஊசி போட்டு எடுத்த எஃப்என்ஏசி ரிப்போர்ட்டில் "லிம்ஃபோமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) சந்தேகம், முழுக் கட்டியையும் எடுத்து பயாப்சி செய்யவும்" என்று மட்டும் இருந்தது. 74 வயதில் கத்தி வைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தேன்.

வைத்தது நல்லதாகப் போயிற்று. ஃபாலிக்குலர் லிம்ஃபோமா.

கொட்டைப்பாக்கு அளவுதான் கட்டி. ஃபார்மலின் பாட்டிலை நானே லேபுக்குக் கொண்டுபோனேன். பெத்தாலஜி டாக்டர் பொறுமையாக மைக்ராஸ்கோப்பில் காட்டினார்: உருண்டை உருண்டையாக, இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்த செல் கூட்டங்கள். ஊசியில் வருவது உதிரிச் செல்கள்தானாம். அவை எந்த வெள்ளணு, பி வகையா டி வகையா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் சோதனை) சொல்லலாம். இந்த அமைப்பு அதில் தெரியாது.

செல்களில் உள்ள புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்ததில் சிடி20, சிடி10, பிசிஎல்2 பாசிட்டிவ். சிடி5, சைக்ளின் டி1 நெகட்டிவ்; இவை பாசிட்டிவாக இருந்திருந்தால் மேன்டில் செல் என்ற வேறு வகை லிம்ஃபோமா பக்கம் போயிருக்கும், வைத்தியமே வேறு. கிருமித் தொற்றில் வீங்கும் நெறிக்கட்டியின் உருண்டைகளிலும் சிடி10 இருக்கும், பிசிஎல்2 இருக்காது. அதனால் பிசிஎல்2 பாசிட்டிவ் என்ற அந்த ஒரு வரியை மூன்று முறை படித்தேன்.

வியாழக்கிழமை பெட் ஸ்கேன். பாரஃபின் பிளாக்கை (கட்டியின் திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டையை) லேபில் கேட்டு வாங்கி வைக்கச் சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. செகண்ட் ஒப்பீனியனுக்குப் போன இடத்தில் முதலில் கேட்டதே அதைத்தான்.