வயலின்: தார ஷட்ஜத்துக்கு (மேல் ஸ்தாயி 'ஸ') கை ஏறும்போது சுருதி விலகுகிறது

கேள்வி: கர்நாடக முறை வாசிப்பு. முதல் தந்தியில் மூன்றாம் விரலில் வரும் தார ஷட்ஜத்தை, ஏறிப்போய் ஆட்காட்டி விரலால் பிடித்தால் எப்போதும் சற்றுக் கீழேயே நிற்கிறது. ஏன்?

பதில் 1: கட்டைவிரலைக் கவனியுங்க. அது கழுத்தை இறுக்கினால் பின்தங்கும். விரல் மட்டும் எட்டும், சுரம் இறங்கும். தைவதத்தில் ('த' சுரம்) இருக்கும் ஆட்காட்டி விரலைத் தூக்காதீங்க. அழுத்தத்தைத் தளர்த்தி, தந்தியைத் தொட்டபடியே கையை மொத்தமாக நகர்த்தி, சேர்ந்த பிறகு அழுத்துங்க.

பதில் 2: சரிபார்க்க, பக்கத்து ஷட்ஜத் தந்தியையும் சேர்த்து வில் போடுங்க. நாதம் அலையடித்தால் இன்னும் சேரவில்லை. பயிற்சிக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் 'த ஸ் த' மட்டும், முதல் காலத்தில் (மெதுவாக), ஒரு வில் வீச்சுக்கு ஒரு சுரம் வாசிங்க.

பதில் 3: நகரும் நொடியில் வில்லை லேசாக்கினால் இழுவை கேட்காது. ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவது) வேண்டுமென்றால் மட்டும் வில்லில் அழுத்தம் குறையக் கூடாது. விரல் எளிதாக நகர எண்ணெய் ஒரு பொட்டு போதும். அது தந்தியில் வில் படும் இடத்தில் பட்டால் வில் வழுக்கும்.