அவசர உதவி: மரை, மான், கரடி மூண்டுக்கும் ஒரே துவக்கு – எந்த ரவை எடுக்கிறது?

இணுவிலான்
வணக்கம். மரை, மான், கரடி மூண்டுக்கும் சேத்து ஒரே ஒரு றைபிள்தான் வாங்கப்போறன். ரெண்டு வாங்கக் காசில்லை, வைக்க இடமுமில்லை. .308 எண்ட ரவை காணும் எண்டு ஒராள் சொல்லுறார். .300 மக்னம் எண்ட பலத்த ரவை இல்லாமக் காட்டுக்குள்ள இறங்காதை எண்டு மற்றாள் சொல்லுறார். திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் வந்து நிக்கிறன், இன்னும் பத்து நாள்தான். அதுக்குள்ள முடிவெடுக்கோணும். தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

கொடிகாமத்தான்
தம்பி, யாழ்ப்பாணத்தில நிண்டுகொண்டு மரைக்கு றைபிள் கேக்கிறீர். 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒண்டு இருக்கு. மரை, கரடி ரெண்டும் அதில பாதுகாக்கப்பட்டது. சுட்டா மட்டுமில்லை, வத்தல் இறைச்சியோட பிடிபட்டாலும் வழக்குத்தான். இந்த எண்ணத்தை விடும்.

மாங்குளம் தோட்டம்
இஞ்ச றைபிளுக்கு ஆர் அனுமதி தருவினம்? பயிர்ப் பாதுகாப்புக்குக் கிடைக்கிறது 12 போர் ஷொட்கன்தான். எஸ்.ஜி ரவையில பெரிய குண்டு 9 கிடக்கும், 35 மீற்றர் தாண்டினா அது விரிஞ்சு போயிடும், பண்டி காயத்தோட ஓடும். நீங்கள் என்ன தூரத்தில சுடப்போறீங்கள்? காடா, வெளியா? அதைச் சொல்லாம என்ன ரவை எண்டு ஆரும் சொல்லேலாது.

சுன்னாகம் சந்தி
நாடு எது? லைசென்ஸ் இருக்கோ? முந்தி ஏதும் சுட்டுப் பழக்கமோ? இது ஒண்டும் எழுதேல்லையே.

இணுவிலான்
மன்னிக்கோணும். கனடா. ஒன்ராறியோ, கப்பஸ்கேசிங் பக்கம். மரை எண்டது மூஸை, அங்கத்தையப் பெரிய மான் சாதி. துவக்கு லைசென்ஸ் இருக்கு. மூஸ் டாக் (ஒரு மூஸ் சுடுறதுக்கான அனுமதிச் சீட்டு) மச்சானின்ர குழுவில இருக்கு. ஒக்ரோபர்.

பழைய வெடிக்காரன்
முதல் பதிவிலேயே நாட்டை எழுதியிருந்தா நாலு பேற்ற நேரம் மிஞ்சியிருக்கும். இந்தக் கேள்வி இஞ்ச வருசா வருசம் வருது. பழைய இழைகளை ஒருக்காத் தட்டிப் பாத்தா விடை கிடக்கு: .30-06 ஸ்பிறிங்ஃபீல்ட். 1906இல வந்தது, இண்டைக்கும் அதுதான் அளவுகோல். 180 கிறெயின் சன்னம் (சன்னம் எண்டது ரவையில இருந்து பறக்கிற குண்டு, கிறெயின் அதின்ர நிறை அளவு), செக்கனுக்கு 2700 அடி. 200 யாருக்குக் குறி வைச்சா 100இல ரெண்டு அங்குலம் மேல, 300இல எட்டு எட்டரை அங்குலம் கீழ. வடக்கு ஒன்ராறியோக் காட்டுக்குள்ள 300 யார் தெரியிறது வெட்டின வெளியிலயும் மின்கம்பி லைனிலயும் மட்டும்தான். இதுக்கு மேல யோசிக்க ஒண்டுமில்லை.

ஸ்காபரோ மூலை
.30-06ஐக் குறை சொல்லேல்லை. ஆனா மூஸ் கிடா 400, 500 கிலோ. .300 வின்செஸ்டர் மக்னம் அதே 180 கிறெயினை 2960இல தள்ளும். ஒரே துவக்கு எண்டா ஆகப் பெரிய மிருகத்துக்குத்தான் எடுக்கோணும். மான் சின்னன்தானே, அது எப்பிடியும் விழும்.

தண்டர் பே
அண்ணை, அந்த 260 அடிக்கு உதைப்பைக் குடுத்து வாங்கிறீங்கள். 8 றாத்தல் துவக்கில .308 கிட்டத்தட்ட 18 அடி-றாத்தல், .30-06 இருபது, .300 மக்னம் 26க்கு மேல. புதுசாச் சுடுற ஆளுக்கு இந்த வித்தியாசம் தோளில இல்லை, கண்ணில தெரியும்: விசையை இழுக்க முதலே கண்ணை மூடத் தொடங்குவார். பிறகு 20 ரவைப் பெட்டி ஒண்டு முடிய ஒரு மாசம் எடுக்கும், பழக்கம் நிண்டுபோகும். மூஸ் விழுறது சன்னம் எங்க போகுது, உள்ளுக்க என்ன செய்யுது எண்டதில.

அதால முதல்ல சன்னத்தைத் தெரிவு செய்யுங்கோ. சாதாரண ஈயம்-செம்பு மான் சன்னம் கிட்டத்தில மூஸின்ர தோள் எலும்பில பட்டா உடைஞ்சு தெறிக்கும், நுரையீரலுக்குப் போகாது. ஜோன் நொஸ்லருக்கு 1946இல பிரிட்டிஷ் கொலம்பியாவில நடந்தது இதுதான். சேறு காஞ்ச தோலில பட்ட சன்னம் உள்ளுக்குப் போக முதலே சிதறிச்சு. அவர் பிடிச்சிருந்ததும் மக்னம்தான், .300 எச் அண்ட் எச். அதுக்குப் பிறகுதான் நடுவில செம்புச் சுவர் வைச்ச பார்ட்டிஷன் சன்னத்தைச் செய்தார். இண்டைக்கு பார்ட்டிஷன், ஈயத்தைச் செம்போட ஒட்டின அக்யூபொண்ட், முழுச் செம்பில பார்ன்ஸ் எண்டு மூண்டு வழி இருக்கு. .308இல 165 அல்லது 180, .30-06இல 180. இந்த மூண்டில ஏதும் ஒண்டு போட்டா மூஸுக்கும் காணும், மானுக்கும் இறைச்சி வீணாகாது.

கரடிக்கு ஒரு விசயம். கொழுப்பும் மயிரும் தடிப்பு, உள்ள போன ஓட்டையைக் கொழுப்பு அடைச்சிடும், நிலத்தில இரத்தம் விழாது. சன்னம் மற்றப் பக்கத்தால வெளிய போகோணும். அதுக்கும் உடையாத சன்னம்தான் வேணும்.

பழைய வெடிக்காரன்
சன்னத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனா .308க்கு ஏன் இறங்கோணும்? 180ஐ .308 தள்ளுறது 2620 அளவில.

தண்டர் பே
80 அடி வித்தியாசத்தை எந்த மூஸும் அறியாது. கனடாவின்ர வடக்கில காவல் திரியிற கனேடிய ரேஞ்சர்ஸ் படை பழைய .303 லீ என்ஃபீல்டைக் குடுத்திட்டு 2018இல இருந்து சி19 றைபிள் வைச்சிருக்கினம், அது .308. துருவக் கரடி திரியிற இடத்தில கொண்டு திரியினம்.

கொடிகாமத்தான்
.303 இஞ்ச பொலிசின்ர தோளில தொங்கினதை எல்லாரும் கண்டிருக்கிறம். அதால மூஸ் விழுமோ?

தண்டர் பே
விழும். கனடாவில தலைமுறை தலைமுறையா விழுத்தியிருக்கினம். ஆனா இப்ப புது றைபிள் அந்த ரவைக்கு வாறது அருமை, கடையில சன்னத் தெரிவும் குறைவு. புதுசா வாங்கிற ஆளுக்கு வேண்டாம்.

வடமராட்சி மாஸ்டர்
மூஸை மரை எண்டு எழுதாதேங்கோ. மரை எங்கட வன்னிக் காட்டு மிருகம், கொம்பு கிளை விட்டு மேல நிக்கும். தமிழ்நாட்டில கடமான் எண்டு சொல்லுறதும் அதைத்தான். மூஸின்ர கொம்பு சுளகு மாதிரி அகண்டது, தாடையில தோல் தொங்கும், மரையை விட மிச்சம் பெரிசு. பேர் மாறினதாலதான் முதல் ரெண்டு பதில் சட்டத்தில போய் நிண்டது.

ஸ்காபரோ மூலை
மாஸ்டர், இஞ்ச எங்கட சனம் எல்லாம் மரை எண்டுதான் சொல்லுது. புது ஊருக்கு வந்தா கண்டதுக்குப் பழைய பேர் வைக்கிறதுதானே.

வடமராட்சி மாஸ்டர்
வீட்டில சொல்லுங்கோ. எழுதேக்குள்ள மூஸ் எண்டே எழுதலாம், அது அந்த நாட்டு மிருகத்துக்கு அந்த நாட்டுப் பேர். மரைக்கு இருக்கிற பேரையும் குடுத்திட்டா நாளைக்குப் பிள்ளையளுக்கு மரை எது எண்டு காட்ட ஒண்டுமிராது.

கொடிகாமத்தான்
மாஸ்டர் சொல்லுறது நியாயம். ‘மரை’ எண்டு கண்டவுடன எனக்கு ஒட்டுசுட்டான் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

உவர்நிலம்
சண்டைக்குள்ள ஆளை மறந்திட்டீங்கள். இணுவிலான், உங்கட உயரம் என்ன? வலக்கையோ இடக்கையோ? எந்தக் கண்ணால குறி பாக்கிறனீங்கள்?

இணுவிலான்
5 அடி 4. இடக்கை. கண்ணும் இடக்கண்.

உவர்நிலம்
அப்ப ரவையை விட இதுதான் பெரிய பிரச்சினை. வலக்கைத் துவக்கை இடத்தோளில வைச்சா, ரெண்டாம் வெடிக்கு முகத்தை எடுத்து, கையைத் துவக்குக்கு மேலால கொண்டுபோய் போல்ட்டை (அடுத்த ரவையை ஏத்திற பூட்டை) இழுக்கோணும். மூஸ் முதல் வெடி பட்டும் நிண்டுகொண்டே இருக்கும். விழும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சுடோணும், ஆறு குளத்துக்குள்ள இறங்கினா வெளிய எடுக்கேலாது. அந்த நேரம் முகம் சோங்கை (தோளில வைக்கிற பின்கட்டையை) விட்டு எழும்பக்கூடாது. இடக்கை போல்ட் வைச்சதைத்தான் பாருங்கோ. டிக்கா டி3எக்ஸ், சாவேஜ் 110 ரெண்டிலயும் வருது.

நீளமும் பாக்கோணும். விசையில இருந்து சோங்கின்ர அடி வரைக்கும் கூடுதலான துவக்குகள் 13½ தொடக்கம் 13¾ அங்குலம். 5 அடி 4 ஆளுக்கு, அதிலயும் குளிர் ஜக்கெட் போட்டா, 13 அங்குலம் காணும். நீளம் கூடினா தலையை முன்னுக்கு நீட்டுவீங்கள், ஸ்கோப் புருவத்தை வெட்டும். பிளாஸ்டிக் சோங்கு உள்ளுக்கப் பொள்ளல், வெட்டினா றப்பர் அடி பொருந்தாது. மரச் சோங்கெண்டா வெட்டலாம். சாவேஜில அக்யூஃபிட் எண்டு துண்டு கழட்டி நீளம் குறைக்கிற சோங்கு இருக்கு. இடக்கை மொடலில அது வருதோ எண்டு கடையில கேளுங்கோ.

தண்டர் பே
முதலே கேட்டிருக்கோணும், என்ர பிழை. இடக்கை எண்டா அலுமாரியில எந்த ரவைக்கு இருக்குதோ அதை எடுங்கோ. .308ஓ .30-06ஓ, ரெண்டும் சரி. டிக்கா ரெண்டு ரவைக்கும் போல்ட் ஓடுற பொறியை ஒரே நீளத்திலதான் போடுறது. அதால ‘.308 எண்டா துவக்குக் கட்டை’ எண்ட கதை அதில எடுபடாது.

ஸ்காபரோ மூலை
பிரவுனிங் பி.எல்.ஆர் எண்டு லீவர் துவக்கு (கீழ இருக்கிற கைபிடியை இழுத்து ரவை ஏத்திறது) இருக்கு, .30-06இலயும் வருது. எந்தக் கையும் பாவிக்கலாம்.

பழைய வெடிக்காரன்
லீவர் வேண்டாம். போல்ட் மாதிரிப் பின்பக்கத்தால கழட்டித் துடைக்கேலாது, குளிருக்குள்ள கையுறையோட இன்னும் கரைச்சல்.

இடக்கையைச் சொன்னது நல்லது. இனி மிச்சத்தையும் கேளும். ஸ்கோப் 3-9 மடங்கு காணும், காட்டுக்குள்ள நடக்கேக்குள்ள 3இல விடும். மானுக்கு 150, மூஸுக்கு 180 எண்டு ரெண்டு ரவை வைக்காதையும். சன்னம் மாறினா விழுற இடமும் மாறும். ஒரே ரவை, 180, மூண்டு பெட்டி ஒரே லொட் நம்பரில (ஒரே தொகுதியில செய்தது). ஒரு பெட்டி குறி வைக்க, ஒண்டு இருந்தும் நிண்டும் சுட்டுப் பழக, ஒண்டு காட்டுக்கு. மூஸுக்குக் குறி முன்காலுக்கு நேர் மேல, உடம்பின்ர நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழ. திமில் இருக்கிறதால உடம்பு உயரமாத் தெரியும், புது ஆக்கள் மேலதான் சுடுறவை.

தண்டர் பே
குளிருக்கு இன்னொண்டு. கடையில இருந்து வாற துவக்கின்ர போல்ட்டுக்க எண்ணெய் கிடக்கும். -20இல அது தடிச்சு, வெடிக்க வைக்கிற ஊசி மெள்ளப் போகும், பிறைமரில (ரவையின்ர அடியில தீப்பொறி குடுக்கிற மூடியில) லேசாத் தட்டிப்போட்டு நிக்கும், வெடிக்காது. போல்ட்டைக் கழட்டி ஊசியையும் ஸ்பிறிங்கையும் கழுவிக் காயவிட்டு, எண்ணெய் இல்லாமப் பூட்டுங்கோ. பின்னேரம் வேட்டைக் காம்ப்புக்கு வந்தா, ரவையைக் கழட்டிப்போட்டு, உறைக்குள்ள வைச்சுப் பூட்டி, குளிர் அறையிலயே விடுங்கோ. சூட்டுக்குள்ள கொண்டுவந்தா இரும்பு வேர்க்கும், அந்தத் தண்ணி விடிய உறையும்.

குழுவில டாக் இருந்தாலும் உங்களுக்கெண்டு மூஸ் லைசென்ஸ் எடுத்திருக்கோணும். செம்மஞ்சள் உடுப்பு 400 சதுர அங்குலம் இடுப்புக்கு மேல, தலைக்கும் வேணும். தெற்கில மானுக்குப் போறதெண்டா அந்தப் பகுதியின்ர விதியைப் பாருங்கோ. சில கவுண்டியில றைபிளே விடாயினம், ஷொட்கன் மட்டும்.

சுன்னாகம் சந்தி
இணுவிலான், வாசிச்சீங்களோ?

இணுவிலான்
ரொறன்ரோ வந்தாச்சு. இடக்கை சாவேஜ், .30-06. துண்டைக் கழட்டி 13க்கு விட்டிருக்கு. 180 பார்ட்டிஷன் மூண்டு பெட்டி, ஒரே லொட். போல்ட் கழுவியாச்சு. எல்லாருக்கும் நன்றி, மாஸ்டருக்கும்.

பழைய வெடிக்காரன்
100 யாரில எங்க விழுகுது? மூண்டு வெடியும் எவ்வளவுக்குள்ள நிக்குது? அதை எழுதும்.