சீசன் முடிந்ததும் கையில் பணம் நிற்பதில்லை: குற்றாலம் சிப்ஸ் கடைக்கு யோசனை வேண்டும்

சாரல்_கடை:
வணக்கம். ஐந்தருவி ரோட்டில் ஏத்தங்காய் சிப்ஸ், அல்வா கடை வைத்திருக்கிறேன். சாரல் பிடித்துவிட்டால் ஆகஸ்ட் வரை உட்கார நேரமிருக்காது. போன சீசனில் வியாபாரம் 14 லட்சம். ஆகஸ்ட் கடைசியில் பேங்கில் 4,20,000 இருந்தது. மகள் காலேஜ் ஃபீஸுக்கு அதிலிருந்து 2 லட்சம் கட்டினேன். அக்டோபரில் எண்ணெய்க்கடைக்காரர் பாக்கிக்கு வந்து நின்றார், ஆடிட்டர் வரி கட்டச் சொன்னார், ரெண்டு பேருக்கும் கொடுக்கப் பணம் பத்தவில்லை. இவ்வளவு வியாபாரம் நடந்தும் காசு எங்கே போகிறது? இன்னொன்று, இந்த வருஷம் சரக்குப் போட மே கடைசியில் ஒரு லட்சம் தண்டல் (தினத் தவணைக் கடன்) வாங்கலாமா?

நெல்லை_கணக்கு:
அண்ணாச்சி, வாடகை எவ்வளவு? எண்ணெய் பாக்கி எவ்வளவு இருந்தது? ஜிஎஸ்டி காம்போசிஷனா (மொத்த விற்பனையில் ஒரு சின்ன சதவீதம் மட்டும் வரி கட்டும் திட்டம்), ரெகுலரா? நூறு ரூபாய்க்கு வித்தால் காய், எண்ணெய், கோதுமை, சீனி, கவர் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

சாரல்_கடை:
வாடகை மாசம் 20,000. எண்ணெய் பாக்கி 1,60,000. காம்போசிஷன்தான். சரக்கு நூற்றுக்கு 62 ஆகும். மாஸ்டர், பையன்கள் சம்பளம், கேஸ், கரண்ட் ஒரு 13. சீசன் இல்லாத மாசங்களில் வரும் வியாபாரம் அந்தந்த மாசச் சரக்குக்கும் மாஸ்டர் சம்பளத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் சரியாப் போயிரும். வாடகைக்கு மிஞ்சாது.

நெல்லை_கணக்கு:
பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. வருஷ வாடகை மொத்தத்தையும் மூன்று மாசம்தான் சுமக்கிறது.

அந்த 4,20,000-ஐப் பிரித்துப் பாருங்கள். 1,60,000 எண்ணெய்க்கடைக்காரர் பணம். செப்டம்பரிலிருந்து மே வரை ஒன்பது மாச வாடகை 1,80,000. ஜூலை–செப்டம்பர் காலாண்டு விற்பனை 11 லட்சம் என்று வைத்தால் ஒரு சதவீதம் வரி 11,000. மிச்சம் 69,000. உங்கள் பணம் அவ்வளவுதான், ஃபீஸுக்கு எடுத்ததோ 2 லட்சம். பேங்க் மெசேஜில் நாலு லட்சம் என்று வந்தால் யாருக்குமே நம்ம பணம் என்றுதான் தோணும்.

வரி சின்னத் தொகைதான், ஆனால் வரும் நேரம் மோசம். அந்தக் காலாண்டுக்கு சிஎம்பி-08 படிவத்தில் வரி கட்டக் கடைசி நாள் அக்டோபர் 18. அப்போது ரோட்டில் ஆளே இருக்காது. ஐயப்ப சாமிமார் வரக் கார்த்திகை பிறக்க வேண்டும்.

ஏடிஎம் கார்டு, ஜிபே எதுவும் இல்லாத ஒரு தனிக் கணக்கு தொடங்குங்கள். திங்கள்கிழமைதோறும் போன வார விற்பனையில் நூற்றுக்கு 14 ரூபாய் அதில் போட்டுவிடுங்கள். 13 வாடகைக்கு, 1 வரிக்கு. மாசக் கடைசிக்கு என்று தள்ள வேண்டாம், அதற்குள் அந்தப் பணத்துக்கு வேறு செலவு வந்துவிடும்.

புலியருவி_பஜ்ஜி:
தண்டல் வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. ஒரு லட்சம் என்பான், பிடித்தம் போகக் கையில் 85,000 வரும். தினம் ஆயிரம் வீதம் நூறு நாள் கட்டணும். முதல் நாளிலிருந்தே அசல் குறைவதால் கணக்குப் போட்டால் வருஷ வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். வட்டியைக்கூட விடுங்க. மெயின் அருவியில் ஆர்ச் என்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணி விழுந்தால் குளிக்கத் தடை. 2024 மே மாசம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்ததே, அதற்குப் பிறகு கொஞ்சம் தண்ணி கூடினாலும் தடைதான். கார்கள் வந்த வழியே திரும்பிப் போகும், சாயங்காலம் தண்டல்காரர் பை மட்டும் கரெக்டா வந்துரும்.

வீட்டில் நகை இருந்தால் பேங்கில் வையுங்க. மாசம் ஒரு சதவீதம் என்றாலும் 85,000-க்கு மூன்றரை மாசத்துக்கு 3,000 வராது. தண்டலில் போவது 15,000.

கடன்_வழி:
நகை இல்லையென்றால் பேங்கில் அரசின் முத்ரா கடன் கேட்கலாம். கிஷோர் பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை, அடமானம் இல்லை. ஆனால் மே மாசம் போய்க் கேட்டால் பணம் கைக்கு வரும்போது சீசன் பாதி முடிந்திருக்கும். சீசன் வரவு தெரியும் ஸ்டேட்மென்டோடு செப்டம்பரில் போங்கள், அடுத்த வருஷத்துக்கு ஆகும். அந்த ஸ்டேட்மென்டுக்காகவாவது க்யூஆர் பணம் முழுக்கக் கடைப் பேரில் உள்ள கரண்ட் அக்கவுண்டுக்கே வரட்டும், மச்சான் நம்பரில் வேண்டாம்.

செங்கோட்டை_அக்கா:
ஒண்ணு யாரும் சொல்லல. ஊருக்குப் போன பிறகு போன் பண்ணி, "ரெண்டு கிலோ கொரியர் போடுங்க" என்று கேட்பார்கள்ல? மதுரை, சென்னைக்குப் போடலாம். கொல்லம், பெங்களூருக்குப் போடக் கூடாது தம்பி. காம்போசிஷனில் வெளிமாநில விற்பனைக்கு இடமில்லை. பில்லில் தனியா ஜிஎஸ்டி போட்டு வாங்கவும் கூடாது.

அப்புறம் காய். ஆவணி ஓணம் நெருங்க நெருங்க ஏத்தன் தார் எல்லாம் மலையாளத்துக்கு ஏறிப் போயிரும், விலை எகிறும். 62 ரூபாய் என்ற கணக்கு ஜூலையில் சரி, ஆகஸ்டில் நிக்காது. சிப்ஸைப் பொரிச்சு மாசக்கணக்கில் வைக்க முடியாது, காறிப் போகும். ஆகஸ்டில் அல்வாவை முன்னால் வைங்க, சிப்ஸ் விலையைக் கூச்சப்படாம ஏத்துங்க.

சாரல்_கடை:
எல்லாருக்கும் நன்றி. தண்டலை விட்டுவிட்டேன், வீட்டுக்காரி வளையல் தருகிறேன் என்றுவிட்டாள். தனிக் கணக்கு நாளைக்கே தொடங்குகிறேன். எண்ணெய்க்கடைக்காரரிடம்தான் எப்படிப் பேச என்று தெரியல. பழைய பாக்கியில் இன்னும் 40,000 நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு புதுச் சரக்கு கேட்டால் கொடுப்பாரா?

நெல்லை_கணக்கு:
நகைக்கடன் பணத்தில் முதல் செலவாக 20,000-ஐ அவரிடம் கொடுங்கள். மீதியை ஜூலைக்குள் நாலு வாரத் தவணையில் தருவதாகத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். புது டின்னுக்கு அந்தந்த வாரம் திங்கள்கிழமையே ரொக்கம் என்று சொல்லுங்கள். 2025-ல் தேங்காய் எண்ணெய் ஏறிய ஏற்றத்தில் அவருக்கும் முதல் முடங்கியிருக்கும். வாராவாரம் ரொக்கம் என்றால் டின்னுக்குப் பத்து இருபது குறைக்கக்கூடச் செய்வார், கேட்டுப் பாருங்கள்.

புலியருவி_பஜ்ஜி:
போகும்போது காலையில் போங்க. சாயங்காலம் கடையில் கூட்டம், பேச விடமாட்டார்.