சுண்டுவதற்கு முன்னாடியே சத்தம் வந்த கேரம் வீடியோ

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

டிவியில் ரெக்கார்ட் செய்த வீடியோவை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றப் போய் ஆடியோவில் மாட்டிக்கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் போடுங்கள்.

எங்கள் பக்கம் கேரம் போர்டு இல்லாத தெரு குறைவு. மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆனதைச் சொல்லிச் சொல்லியே எங்களையெல்லாம் போர்டு முன்னால் உட்கார வைத்தார்கள். 2024-இல் நம்ம ஏரியாப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார் இல்லையா, அதற்கப்புறம் இங்கே ஆடும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சேனல் அரைமணி நேர நிகழ்ச்சி போட்டது. அதில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நாலு நிமிடம். தெருவே டிவி முன்னால்தான்.

மாதக் கட்டணம் இல்லாத டிஷ் ஒன்று எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. பாக்ஸில் பென் டிரைவைச் செருகி ரெக்கார்ட் போட்டுவிட்டேன். நிகழ்ச்சி பாதியில் மழை பிடித்துக்கொண்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்று, மறுபடி வந்தது. இரண்டு தடவை. சரி, மழை நாளில் டிஷ் என்றால் இதெல்லாம் உண்டு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அதை எம்பி4 ஆக மாற்றி அவளுடைய அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ராத்திரியே கதவைத் தட்டிவிட்டார். "தம்பி, பாப்பா சுண்டுறதுக்கு முன்னாடியே சத்தம் வருதுப்பா."

போட்டுப் பார்த்தேன். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, போரிக் பவுடரைத் தட்டி, குனிந்து குறி பார்க்கிறாள். விரல் இன்னும் மடங்கியே இருக்கிறது. அதற்குள் 'டக்' என்று ஸ்ட்ரைக்கர் காயில் மோதுகிற சத்தம்! அப்புறம்தான் விரல் விரிகிறது, ரெட் மெதுவாக உருண்டு உள்ளே போகிறது, சத்தமே இல்லாமல்.

சத்தம் பின்னால் வந்திருந்தால் இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது. காசிமேட்டில் படகு கட்டுகிற இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். சுத்தியல் இறங்குவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம்தான் வரும். அது நமக்குப் பழகிப்போனது. சத்தம் முந்துவதுதான் உலகத்தில் எங்கேயும் நடக்காத விஷயம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையிலும் இந்த வித்தியாசம் உண்டு: சத்தம் 45 மில்லி நொடி முந்தினாலே ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், பிந்தினால் 125 வரை தெரியாது. என்னுடையது 2,400.

எப்படி அளந்தேன் என்றால், ஸ்ட்ரைக்கர் காயில் மோதும் இடத்தில் வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். நொடிக்கு 25 ஃபிரேம், ஆக ஒன்று 40 மில்லி நொடி. 'டக்' கேட்ட இடத்திலிருந்து மோதின இடம் வரை 60 ஃபிரேம்.

முதலில் செய்த முட்டாள்தனம்: அவிடெமக்ஸ் என்ற வீடியோ எடிட் செய்கிற மென்பொருளில் மொத்த ஆடியோவையும் 2.4 நொடி பின்னால் தள்ளினேன். பெண் வருகிற இடம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் ஆரம்பத்தில் பேசுகிற தொகுப்பாளர் வாயை மூடியபிறகு பேசினார். அடுத்து, ஆடியோவைக் கொஞ்சம் இழுத்து நீட்டிப் பார்த்தேன். இப்போது எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு!

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. 9-வது நிமிடம் வரை சரியாக இருக்கிறது. அங்கே சட்டென்று 1.2 நொடி தாவுகிறது. 17-வது நிமிடத்தில் இன்னொரு 1.2. இரண்டுமே படம் உடைந்த இடங்கள், அதாவது மழை.

உள்ளே நடப்பது இதுதான். பாக்ஸ் எழுதுகிற டிஎஸ் ஃபைல் என்பது 188 பைட் அளவுள்ள சின்னச் சின்னப் பொட்டலங்களின் வரிசை. அதில் வருகிற ஒவ்வொரு துண்டு படத்துக்கும் சத்தத்துக்கும் 'இதை இந்த நேரத்தில் காட்டு' என்று ஒரு நேர முத்திரை போகும். நொடியை 90,000 ஆகப் பிரித்துக் குறிக்கிற முத்திரை. என்னுடைய சேனலின் ஆடியோ எம்பி2 என்ற ரகம், அதில் ஒரு துண்டு 24 மில்லி நொடி. ஒவ்வொரு மழை அடிக்கும் ஏறக்குறைய 50 துண்டுகள் காணாமல் போயிருந்தன. விஎல்சி பிளேயர் முத்திரையைப் பார்த்து ஓட்டுவதால் மூல ஃபைல் அதில் ஒழுங்காகவே ஓடியது. நான் பயன்படுத்திய மாற்றும் மென்பொருளோ படத்தில் விழுந்த ஓட்டையைப் பழைய ஃபிரேமையே திரும்பப் போட்டு அடைத்துவிட்டது. ஆடியோவில் மட்டும் ஓட்டையைப் பார்க்காமல், மிச்சத்தை இழுத்து ஒட்டிவிட்டது. சத்தம் முந்தியது அதனால்தான்.

ஆக, ஆடியோவை நகர்த்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். தொலைந்த இடத்தில் அதே அளவுக்கு மௌனத்தை வைத்தால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருளில் ஏரீசாம்பிள் என்ற ஃபில்டருக்கு அசிங்க் மதிப்பு 1 கொடுத்தால் அதைத்தான் செய்யும்: முத்திரையைப் பார்த்து, இல்லாத இடத்தை நிரப்பும், மிஞ்சியதை வெட்டும். 1000 மாதிரி பெரிய எண் கொடுத்தால் நீட்டிச் சுருக்கவும் ஆரம்பித்துவிடும், அது இங்கே தேவையில்லை. இதிலும் ஒரு தடவை சறுக்கினேன். ஆடியோவை 'காப்பி' என்று வைத்துவிட்டு ஃபில்டரும் போட்டேன், முடியாது என்று துப்பிவிட்டது. ஃபில்டர் வேண்டுமென்றால் ஆடியோவைப் பிரித்து மறுபடி என்கோட் செய்துதான் ஆகவேண்டும்.

முக்கியமானது ஒன்று: மூல டிஎஸ் ஃபைலை அழிக்காதீர்கள். நேர முத்திரை அதில்தான் இருக்கிறது. நான் அனுப்பிய எம்பி4-ஐ வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கவே முடியாது.

பெரம்பூரிலிருந்து:

அண்ணா, எனக்கு நேரம் சரி, குரல்தான் போச்சு. எச்டி சேனலில் வந்த ஒரு படத்தை ரெக்கார்ட் செய்து மாற்றிக் கொடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "பாட்டு கேக்குது, மழை பெய்யுறது கேக்குது, பேசுறது மட்டும் கேக்கலடா. ஊமைப் படமா?" என்றார். அது 5.1 ஆடியோ, அதாவது இடம், வலம், நடு என்று ஆறு தனித்தனி சத்தச் சேனல்கள். அதில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். நான் அமைப்பில் முதல் இரண்டு சேனலை மட்டும் எடு என்று கொடுத்திருந்தேன். நடுவில் இருந்த அத்தனை வசனமும் குப்பைக்குப் போய்விட்டது. ஸ்டீரியோவுக்குக் கலக்கும்போது நடு சேனலை ஏறக்குறைய 0.7 அளவில் இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். டவுன்மிக்ஸ் என்று தேர்வு செய்தால் மென்பொருளே செய்துவிடும்.

இன்னொன்று, ரெக்கார்டிங் விளம்பரத்தில் ஆரம்பித்தால் உஷார். விளம்பரம் ஸ்டீரியோவில் வந்து படம் 5.1-க்கு மாறியது. என்னிடம் இருந்த பழைய மென்பொருள் முதல் சில நொடியைப் பார்த்து முடிவுசெய்துவிட்டு, படம் ஆரம்பிக்கிற இடத்தில் படுத்துவிட்டது. முன்னால் இருந்த விளம்பரத்தை வெட்டி எறிந்ததும் ஓடியது.

திருவொற்றியூரிலிருந்து:

நீட்டுவதை முட்டாள்தனம் என்று எழுதிவிட்டீர்கள் தம்பி, எனக்கு அதுதான் கைகொடுத்தது. 2004 வாக்கில் ரிச்சி தெருவில் ஒரு டிவி ட்யூனர் கார்டு வாங்கிப் போட்டேன். படம் அந்த கார்டு வழியாக, சத்தம் ஒரு கேபிள் போட்டு சவுண்ட் கார்டு வழியாக. இரண்டுக்கும் தனித்தனி கடிகாரம். நொடிக்கு 48,000 சாம்பிள் (சத்தத்தின் அளவீடு) எடுக்க வேண்டிய சவுண்ட் கார்டு 48,010 எடுத்தால் ஒரு மணி நேரத்தில் முக்கால் நொடி விலகிவிடும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, போகப் போகக் கூடும். எங்கேயும் தாவல் இருக்காது. அந்த மாதிரி ஃபைலுக்குக் கடைசி விலகலை அளந்து மொத்த ஆடியோவையும் அந்த அளவுக்குச் சுருக்குவதோ நீட்டுவதோதான் வழி. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் கேள்வியே "தாவுதா, தேயுதா?" என்றுதான் கேட்டிருப்பேன்.

வியாசர்பாடியிலிருந்து:

என் பாக்ஸ் 4 ஜிபி ஆனதும் ஃபைலை உடைத்துவிடுகிறது. ஃபுட்பால் மேட்ச் மூன்று துண்டு. ஒவ்வொன்றாக மாற்றி ஒட்டினால் ஒட்டு வரும் இடத்திலெல்லாம் கமென்டரி கிறீச் என்கிறது, கொஞ்சம் நழுவவும் செய்கிறது. என்ன செய்யலாம்?

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

வியாசர்பாடி தம்பி, பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆனதால் வருகிற உடைப்பு அது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஒரு ஆடியோ துண்டு பாதி இந்த ஃபைலிலும் பாதி அடுத்ததிலும் இருக்கும். முதலில் ஒட்டு, அப்புறம் மாற்று. டிஎஸ் ஃபைல்களை வரிசை மாறாமல் அப்படியே பைனரியாகச் சேர்த்துவிடலாம், விண்டோஸ் காப்பி கட்டளையே போதும். ஒன்றான பிறகு மாற்று.

திருவொற்றியூர் சார், ஒத்துக்கொள்கிறேன். என்னுடையது தாவுகிற ரகம், நீட்டியிருக்கக் கூடாது.

பெரம்பூர் தம்பி, அம்மாவுக்கு வணக்கம் சொல்லு.

சொல்ல விட்டுப்போனது: சரி செய்த வீடியோவை எதிர்வீட்டில் டிவியில் செருகிப் போட்டுக் காட்டினேன். விரலும் 'டக்'கும் ஒன்றாக வந்தன. அந்தப் பெண் ரெட்டுக்கு அடுத்துப் போட்ட ஃபாலோ காயை மட்டும் நாலு தடவை ரிவைண்ட் பண்ணிப் பார்த்தாள். 17-வது நிமிடத்தில் நான் வைத்த மௌனம் வந்தபோது, டிவி பழுதோ என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். அவளுடைய அம்மா மட்டும் சொன்னார்: "இங்கதான் நாம எல்லாம் துணி எடுக்க மாடிக்கு ஓடினது."