புதுப்பிப்பு: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் நூல்கள்

மூன்றாம் வகுப்புக்கு ஏற்ற தமிழ் அறிவியல் நூல்கள் எவை என்று முன்பு கேட்டிருந்தேன். தேடியதில் முதலிடம், பிள்ளைகளுக்கான நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்துக்குத்தான். இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம்.

அங்குள்ள நிலை 1 முதல் 4 வரை என்பது வகுப்பு எண் அல்ல, வாசிப்புத் திறன். பலர் குழம்புவது இங்கேதான். மேலும், தமிழில் உருபுகள் ஒட்டிச் சொற்கள் நீள்வதால், குறைந்த நிலை நூலிலும் 'வளிமண்டலத்திலிருந்து' போன்ற ஒரே சொல்லில் பிள்ளை நின்றுவிடும். அதனால் நடுப்பக்கம் ஒன்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால் ஒதுக்கிவிடாதீர்கள், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். படம் நன்றாக இருந்தால் பிள்ளையே திரும்ப எடுக்கும்.

கையால் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு, தூக்கியெறியும் பொருட்களில் பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் தளம். அதுவும் இலவசம்.