மறு: மறு: ‘அட்டாச்மென்ட்’ – பிணைப்பா, ஒட்டுதலா, பற்றா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். டெல்லி ஜங்புராப் பக்கம் வீட்டுவேலைக்குப் போகும் நம் தாய்மாருக்கும், அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்கும் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். குழந்தை தன்னை வளர்ப்பவரிடம் தேடும் நெருக்கத்தைக் குறிக்கும் ‘அட்டாச்மென்ட்’ என்ற உளவியல் சொல்லுக்குத் தமிழ் அமையாமல் இரண்டாம் அத்தியாயம் நிற்கிறது. அதனால் மடல் சற்று நீளும்.

> பிணைப்பு என்றே வைக்கலாம். பாடநூலில் ஏற்கெனவே பழகிய சொல்.

ஐயா, அது வேதியியலில் பழகிய சொல். அங்கே இரண்டு அணுக்களும் சேர்ந்து பிணைகின்றன. இதை ஆராய்ந்த உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் ‘அட்டாச்மென்ட்’ என்றது குழந்தையின் பக்கத்தை. தாய் பிள்ளைமேல் வைப்பதற்குப் பாசம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. பிள்ளை தாயிடம் தேடுவதற்குத்தான் தனிச்சொல் வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டியபோது ஒரு தாய், “பிணைன்னா ஜாமீன் குடுக்கறதா?” என்று கேட்டார். அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

> ஒட்டுதல்தான் உயிருள்ள சொல். “பாட்டிகிட்ட ஒட்டுதலா இருக்கு” என்கிறோமே.

ஆர்.கே.புரம் அக்கா சொன்ன இதைத்தான் போன வாரம் வரை நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். மனம் மாறியது ஐன்ஸ்வொர்த்தின் உகாண்டா ஆய்வைப் படித்தபோது.

ஐன்ஸ்வொர்த் 1913இல் அமெரிக்காவின் ஒஹையோவில் பிறந்து கனடாவின் டொராண்டோவில் வளர்ந்தவர். 1950இல் கணவருடன் லண்டன் போனார். நாளிதழ் விளம்பரம் ஒன்றின் வழியாக மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். 1954இல், மறுபடியும் கணவரின் வேலையை ஒட்டியே, உகாண்டா. கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து பார்த்தார். ஆய்வுக்கூடம் கிடையாது. தவழும் குழந்தை அம்மாவை விட்டு நகர்கிறது, எதையோ எடுத்துப் பார்க்கிறது, திரும்பி அம்மா இருக்கிறாளா என்று ஒரு பார்வை, மறுபடி போகிறது. பயந்தால் ஓடி வந்து மடியில் ஏறுகிறது. அம்மா அங்கே இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அது தூரம் போகிறது! ஒட்டுதல் என்ற சொல்லில் இந்தப் போதல் இல்லை. இடுப்பை விட்டு இறங்காத பிள்ளைதான் கண்முன் வருகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. “நான் போனா என் பையன் அழவே மாட்டான், என்கிட்ட ஒட்டுதலே இல்ல, நல்ல புள்ள” என்றார் இன்னொரு தாய். ஐன்ஸ்வொர்த் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் செய்த சோதனையில் அம்மா வெளியே போனாலும் அழாத, திரும்பி வந்தாலும் முகம் திருப்பிக்கொள்ளும் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களுக்கு ‘அட்டாச்மென்ட்’ இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது வேறு வகை என்றார். இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத்துடிப்பும் பிரிவின்போது ஏறியதைப் பின்வந்த ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். வெளியில் அமைதி, உள்ளே தவிப்பு. இதை அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது என்பதற்காகத்தான் இத்தனை யோசனை.

ஆகவே என் வாக்கு பற்று என்பதற்கே. பற்றலாம், விடலாம், மறுபடி பற்றலாம். கூடவே பற்றுக்கோடு கிடைக்கிறது: குழந்தை எந்த ஆளை நம்பித் தூரம் போகிறதோ, அந்த ஆள். அந்த ஆளைக் குறிக்கும் ‘செக்யூர் பேஸ்’ என்பதைப் ‘பாதுகாப்பான தளம்’ என்று பெயர்த்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ராணுவ முகாம்தான் நினைவுக்கு வருகிறது.

> பற்று விடவேண்டியது என்பதல்லவா நம் மரபு? வள்ளுவர் துறவில் என்ன சொல்கிறார்?

“பற்றுக பற்றற்றான் பற்றினை” என்றும் அதே அதிகாரத்தில்தானே சொல்கிறார், ஐயா. விடுவதற்கும் ஒன்றைப் பற்றச் சொல்கிறார். கணக்கில் பற்று வரவு எழுதுகிறவர் நாட்டுப்பற்று என்ற சொல்லைக் கேட்டுக் குழம்புவதில்லை. இடம் பொருளைச் சொல்லிவிடும்.

வகைகளுக்கு: விலகிக்கொள்ளும் குழந்தைக்கு விலகுபற்று. தூக்கச் சொல்லி அழுது, தூக்கினால் உதைக்கும் குழந்தைக்குத் தவிப்புப்பற்று.

அந்தப் பால்டிமோர் சோதனையின் பெயரை (‘ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்’) ‘விசித்திரச் சூழல்’ என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். புதிய அறை, புதிய ஆள், பெரும்பாலும் மூன்று மூன்று நிமிடமாக எட்டுக் கட்டங்கள். அதில் விசித்திரம் ஏதுமில்லை. குழந்தை வேற்றுமுகம் பார்க்கிறது என்று நம் பாட்டிமார் சொல்வதிலிருந்து ‘வேற்றுச்சூழல் சோதனை’ என்று எடுத்துக்கொண்டேன்.

மிஞ்சி நிற்பது ‘செக்யூர்’ எனப்படும் வகை. அம்மா திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் தேறி மறுபடி விளையாடப் போகும் குழந்தை. ‘பாதுகாப்பான பற்று’ என்றால் இந்த டெல்லியில் வாசல் காவலாளி ஞாபகம்தான் வருகிறது. ‘உறுதிப்பற்று’ கொள்கை விளக்கக் கூட்டம் போல ஒலிக்கிறது. ‘தெம்புப்பற்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் வாயில் சரியாக வரவில்லை. உங்கள் ஊர்ப் பேச்சில் இப்படிப்பட்ட பிள்ளையை என்ன சொல்வீர்கள்? வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் ஆயாக்களிடம் வாசித்துப் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
மயூர் விகாரிலிருந்து